அம்மம்மாவின் குரலும் பிள்ளையின் மிருதங்கமும்: வீட்டு ஒலிப்பதிவுக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்?

கனடாவுக்கு வந்து சில காலமே ஆன எங்கள் குடும்பங்கள் பலவற்றில் மூன்று விடயங்கள் பொதுவாக இருக்கின்றன. ஒன்று, பிள்ளை பாட்டோ வயலினோ மிருதங்கமோ பழகுகிறது. ஆசிரியர் வேறு நகரத்திலோ வேறு நாட்டிலோ இருப்பதால் வகுப்பு கணனி வழியாக நடக்கிறது. இரண்டு, வீட்டிலுள்ள அம்மம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ தாலாட்டும் ஒப்பாரியும் ஊர்க் கதையும் தெரியும். "ஒருக்கால் பதிந்து வைக்க வேணும்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று, அலுமாரியின் அடியில் ஊரிலிருந்து கொண்டுவந்த நாலைந்து கசற்றுகள் கிடக்கின்றன. போட்டுக் கேட்கப் பயம், எறியவும் மனமில்லை.

இந்த மூன்றுக்கும் ஒரே சின்னக் கருவி உதவும். கடைகளில் இதை ஓடியோ இன்ரர்பேஸ் என்கிறார்கள். தமிழில் ஒலி இடைமுகம் எனலாம். நாங்கள் இங்கே சுருக்கமாக 'பெட்டி' என்றே எழுதுகிறோம். கடைக்குப் போனால் பத்துப் பதினைந்து விதம் அடுக்கி வைத்திருப்பார்கள். எது தேவை, எது தேவையில்லை என்று தெரியாமல் போனால், கடைக்காரர் காட்டும் விலை கூடியதோடு திரும்பி வரவேண்டியிருக்கும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விடயம் இல்லை.

பெட்டி என்ன வேலை செய்கிறது?

மைக்கில் இருந்து வரும் மின்சைகை மிகவும் பலவீனமானது. பெட்டி முதலில் அதைப் பெரிதாக்குகிறது. பிறகு அதைக் கணனிக்கு விளங்கும் எண்களாக மாற்றி யூ.எஸ்.பி. வயரால் அனுப்புகிறது. கணனியில் இருந்து வரும் எண்களைத் திரும்ப ஒலியாக்கி ஹெட்போனுக்குக் கொடுப்பதும் இதுவே. கணனிக்குள்ளும் இந்த வேலையைச் செய்யும் சிறு பகுதி உண்டு. ஆனால் அது தொலைபேசிப் பேச்சுக்குப் போதுமான தரத்தில் செய்யப்பட்டது. அத்துடன் நல்ல மைக்கின் மூன்று ஊசிச் செருகியை நேரே கணனியில் செருக முடியாது.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு இது தேவையா?

அம்மம்மாவின் கதையைப் பதிவதுதான் நோக்கம், கையில் இப்போது காசு இல்லை என்றால், பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். கைத்தொலைபேசியை மேசையில் ஒரு துணியை விரித்து வைத்து இன்றைக்கே பதியுங்கள். இன்றைய தொலைபேசிகள் பேச்சை நன்றாகவே பதியும். வயதானவர்கள் விடயத்தில் தரத்தைவிட நாள்தான் பெரிது.

ஒருவர் பேசுவதையோ பாடுவதையோ மட்டும் பதிவதானால் யூ.எஸ்.பி. மைக் என்று ஒன்று உண்டு. பெட்டியும் மைக்கும் ஒன்றாகச் சேர்ந்தது அது. செலவு குறைவு. ஆனால் பிற்பாடு இரண்டாவது மைக் சேர்க்க வேண்டி வந்தால் சிக்கல். வாத்தியம் பழகும் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பெட்டியே பொருத்தம்.

எத்தனை வாய் வேண்டும்?

விலையைத் தீர்மானிக்கும் முதல் விடயம் இது. ஒரு மைக் மட்டும் செருகும் பெட்டிகளும் உண்டு, இரண்டு செருகும் பெட்டிகளும் உண்டு. வாய்ப்பாட்டு மட்டும் என்றால் ஒன்று போதும். வயலினுக்கும் ஒன்று போதும். மிருதங்கத்துக்கு வலந்தலை ஒரு பக்கம், தொப்பி மறுபக்கம். ஒரே மைக்கை முன்னால் தள்ளி வைத்தும் பதியலாம். ஆனால் தொப்பியின் கும்கியும் வலந்தலையின் சாப்பும் தெளிவாகப் பிரிந்து கேட்க இரண்டு மைக் வேண்டும். அக்கா பாடத் தம்பி வாசிப்பதென்றாலும் இரண்டு. கீபோர்ட்டை இடம் வலமாகப் பதியவும் இரண்டு. ஆகவே சங்கீதம் பழகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டு மைக் வாய் உள்ள பெட்டியைச் சிபாரிசு செய்கிறோம். நாலு, எட்டு என்று போகத் தேவையில்லை.

இங்கே ஒரு கவனம். சில பெட்டிகளில் "இரண்டு உள்ளீடு" என்று எழுதியிருக்கும். ஆனால் ஒன்று மைக்குக்கும், மற்றது கிற்றார் போன்ற மின்வாத்தியத்துக்கும் மட்டுமாக இருக்கும். இரண்டிலும் மைக் செருகலாமா என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பவற்றின் பொருள்

48 வோல்ற்: கொண்டென்சர் வகை மைக்குகள் வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அதை மைக் வயர் வழியாகவே பெட்டி கொடுக்கும். அதற்கான பொத்தான் இது. டைனமிக் வகை மைக்குக்கு இது தேவையில்லை.

24 பிட்: சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது. 16 பிட்டில் கணக்கின்படி 96 டெசிபல் வீச்சு, 24 பிட்டில் 144 டெசிபல். 24 பிட் இருந்தால் சத்தத்தைக் குறைவாக வைத்துப் பதிந்து பிறகு கூட்டலாம், இரைச்சல் ஏறாது. புதிதாகப் பதிபவருக்கு இது பெரிய உதவி.

192 கிலோஹேட்ஸ்: விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். இதற்காக ஒரு டொலரும் கூடக் கொடுக்க வேண்டாம். இசைத்தட்டின் அளவு 44.1 கிலோஹேட்ஸ், வீடியோவுக்கு வழக்கமானது 48. மனிதக் காதுக்கு அது போதும். எல்லாப் பெட்டியும் இதைத் தரும்.

டைரெக்ற் மொனிற்றர்: இது கட்டாயம் இருக்க வேண்டும். பாடும் பிள்ளையின் குரல் கணனிக்குள் போய்ச் சுற்றித் திரும்பி ஹெட்போனுக்கு வரச் சிறிது நேரம் எடுக்கும். கணனி 256 மாதிரிகளைச் சேர்த்து வைத்துக் கையாண்டால், 48 கிலோஹேட்ஸில் ஒரு வழிக்கே ஐந்து மில்லி செக்கனுக்கு மேல். போய் வரும்போது அது இரட்டிப்பாகும். பழைய கணனியில் இன்னும் கூடும். தன் குரல் பிந்திக் கேட்டால் தாளம் தவறும், பிள்ளையும் குழம்பும். டைரெக்ற் மொனிற்றர் பொத்தான் குரலைக் கணனிக்குள் போகவிடாமல் பெட்டியிலிருந்தே நேரே காதுக்குத் தருகிறது.

கடையில் கிடைப்பவை

விலைகள் அடிக்கடி மாறும். ஆகவே மலிவில் இருந்து மேல்நோக்கி ஒரு வரிசையைத் தருகிறோம்.

மிக மலிவான படியில் பெஹ்ரிங்கர் யூ.எம்.2, எம்-ஓடியோ எம்-ட்ராக் சோலோ ஆகியவை உள்ளன. மைக் வாய் ஒன்று, பதிவு 16 பிட். ஒருவர் பேசவும் பாடவும் போதும்.

அடுத்த படியில் பெஹ்ரிங்கர் யூ.எம்.சி.202 எச்.டி. இதில் இரண்டு மைக் வாய், 24 பிட், 48 வோல்ற், டைரெக்ற் மொனிற்றர் எல்லாம் உண்டு. கொடுக்கும் காசுக்கு எங்கள் தேவைகள் பெரும்பாலும் நிறைவேறுவது இந்தப் படியில்தான்.

அதற்கு மேலே ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெற் வரிசை. 2011இல் தொடங்கிய இந்த வரிசையின் நாலாவது தலைமுறை 2023இல் வந்தது. சோலோ என்பதில் மைக் வாய் ஒன்றே. 2ஐ2 என்பதில் இரண்டு. நாலாவது தலைமுறை 2ஐ2, சத்த அளவைத் தானே சரிசெய்து தரும். ஓடியன்ற் ஈவோ 4இலும் அப்படி ஒரு வசதி இருக்கிறது. பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை தனியே பதியும் வீட்டில் இது பிரயோசனம்.

வாங்குமுன் உங்கள் கணனிக்குப் பொருந்துமா என்று பாருங்கள். அப்பிள் கணனியில் இப்படியான பெட்டிகள் பெரும்பாலும் செருகியவுடனே வேலை செய்யும். விண்டோஸில் உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் இருந்து ட்ரைவர் என்ற இலவச மென்பொருளை இறக்கிப் போட்டால் தாமதம் குறையும். கணனி இல்லாத வீட்டில் யூ.எஸ்.பி.-சி வாய் உள்ள தொலைபேசியோடும் பல பெட்டிகள் வேலை செய்யும். 2023இல் வந்த ஐபோன் 15 முதல் அந்த வாய் ஐபோனிலும் உண்டு.

பாவித்த பெட்டி வாங்குவதில் தவறில்லை. இரண்டு வாயிலும் மைக்கைச் செருகிப் பாருங்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரக்கிறதா, யூ.எஸ்.பி. வாய் ஆடுகிறதா என்று கவனியுங்கள். ஃபயர்வயர் செருகி உள்ள பழைய பெட்டிகளை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். இன்றைய மடிக்கணனிகளில் அதற்கு வாயே இல்லை. கனடாவில் லோங் அன்ட் மக்குவேட் இசைக்கருவிக் கடைகளில் பாவித்த சாமான்களும் விற்பார்கள், வாடகைக்கும் கொடுப்பார்கள். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது புத்தி.

கண்ணுக்குத் தெரியாத செலவு

பெட்டியை மட்டும் வாங்கி வந்தால் ஒன்றும் நடக்காது. மைக், மைக் வயர், மைக் தாங்கி, ஹெட்போன் எல்லாம் வேறாக வாங்கவேண்டும். பெட்டிக்கு ஒதுக்கும் அளவு பணத்தை இவற்றுக்கும் ஒதுக்குங்கள். விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். ஒன்ராறியோவில் 13 வீத வரி சேர்ந்து 150 டொலர் சாமான் 169 டொலர் 50 சதமாகும். பற்றுச்சீட்டையும் பெட்டி வந்த அட்டையையும் திருப்பிக் கொடுக்கும் தவணை முடியும்வரை எறியாதீர்கள்.

மைக்கில் டைனமிக் வகையே வீட்டுக்கு நல்லது. பக்கத்தில் உள்ளதைப் பிடிக்கும், தூரத்து இரைச்சலைக் குறைவாகப் பிடிக்கும். அடுக்குமாடி வீட்டில் மேல்மாடிக் காலடிச் சத்தமும் அடுப்படிச் சத்தமும் இருக்கும்போது இது பெரிய ஆறுதல். ஷூர் எஸ்.எம்.58 என்ற மைக் 1966 முதல் மேடைகளில் இருந்து வருகிறது. அது விலை என்றால் பெஹ்ரிங்கர் எக்ஸ்.எம்.8500 மலிவு. கொண்டென்சர் வகை வயலினின் நுணுக்கத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அறை அமைதியாக இருக்க வேண்டும். பதியும் மென்பொருளுக்குச் செலவில்லை. ஓடாசிற்றி இலவசம். அப்பிள் கணனியிலும் ஐபோனிலும் கராஜ்பாண்ட் இலவசம்.

கணனி வழி வகுப்புக்கு

நல்ல பெட்டி வாங்கியும் ஆசிரியருக்கு மிருதங்கம் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. காரணம் பெட்டி இல்லை. ஸூம் போன்ற மென்பொருள்கள் மனிதப் பேச்சைத் தவிர மற்றதை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். தம்புராவின் சுருதி அதற்கு விசிறிச் சத்தம் போல. ஸூமின் ஒலி அமைப்புகளில் இசைக் கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தெரிவு உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். ஹெட்போன் பாவியுங்கள். ஆனால் ஆசிரியரும் மாணவரும் இணையத்தின் இரு முனையில் இருந்து சேர்ந்து வாசிக்க எந்தப் பெட்டியாலும் முடியாது. வழியில் ஏற்படும் தாமதம் அப்படியானது.

அலுமாரியில் உள்ள கசற்றுகள்

கசற்றுகளை மாற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் மைக் பெட்டியே வேண்டாம். பெஹ்ரிங்கர் யூ.சி.ஏ.222 என்ற சின்னக் கருவி போதும். ரேப் றெக்கோடரின் பின்னாலுள்ள சிவப்பு, வெள்ளை வாய்களை அதற்குள் செருகலாம். ஏற்கனவே மைக் பெட்டி இருந்தால், றெக்கோடரின் ஹெட்போன் வாயில் இருந்து இரண்டாகப் பிரியும் வயரைப் போட்டு, பெட்டியில் 'லைன்' என்ற நிலையில் வையுங்கள்.

முதலில் கசற்றின் மேல்விளிம்பில் உள்ள சிறு தட்டுகளை உடைத்துவிடுங்கள். பிறகு யாரும் தவறுதலாக மேலே பதிய முடியாது. றெக்கோடரின் தலையை ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கசற்றை ஒரு தடவை முழுவதும் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடவிட்டு, பிறகு ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் பதியுங்கள். 60 நிமிடக் கசற் ஒன்று 16 பிட், 44.1 கிலோஹேட்ஸில் ஏறத்தாழ 635 மெகாபைற் வரும். வேவ் வடிவில் சேமித்து, வட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் எம்.பி.3 பிரதி எடுங்கள். ஒரு பிரதி கணனியில், ஒன்று தனி டிஸ்க்கில், இன்னொன்று வேறு நாட்டில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். மூலக் கசற்றை எறிய வேண்டாம்.

பதியும் நாளில்

கம்பளம் விரித்த, திரை போட்ட அறையைத் தெரிவு செய்யுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்தால் எதிரொலி குறையும். சூடாக்கியின் விசிறியைச் சற்று நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே இல்லாமல் சிறிது பக்கவாட்டில் இருக்கட்டும். மிகச் சத்தமான இடத்தைப் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாதபடி குமிழை வையுங்கள். பிட் என்ன, விலை என்ன என்றாலும், சிவப்பு எரிந்த பதிவைத் திருத்தவே முடியாது.

அம்மம்மா பேசும்போது இடையில் திருத்தாதீர்கள். அவ பாவிக்கும் சொல்லையே பாவிக்கவிடுங்கள். தொடக்கத்தில் திகதி, அவவின் பெயர், ஊர் ஆகியவற்றை நீங்களே சொல்லிப் பதியுங்கள். யாருக்குக் கேட்கக் கொடுக்கலாம் என்று அவவிடமே கேளுங்கள். சம்மதம் இருந்தால், 2005 முதல் எங்கள் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துடன் தொடர்புகொள்ளலாம்.

1990களில், பொருளாதாரத் தடையால் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் எம்மவர்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டு வாய் உள்ள ஒரு பெட்டி, ஒரு டைனமிக் மைக், ஒரு ஹெட்போன் இவ்வளவும் போதும். அதுவும் இந்த மாதம் முடியாவிட்டால் தொலைபேசியில் தொடங்குங்கள். வரும் சனி, ஞாயிறில் ஒரு மணித்தியாலத்தை இதற்கென்று ஒதுக்குங்கள்.