பெரியவர்கள் வீட்டு டிவியில் நம் வீட்டு வீடியோ ஓடுமா?

உங்கள் வீட்டு டிவி அலமாரியின் கீழறையை ஒருமுறை திறந்து பாருங்கள். கறுப்பு நிற விஎச்எஸ் கேசட் நாலைந்து இருக்கும். 'அண்ணன் கல்யாணம் 2' என்று மார்க்கர் பேனாவால் எழுதிய விசிடி ஒன்று இருக்கும். முதலாவது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அதன் மேல் மணமக்கள் படம் அச்சிட்ட டிவிடி பெட்டி. அதற்கும் மேல், கல்யாண வீடியோ எடுத்தவர் கொடுத்த தம்ப் டிரைவ். போன மாதம் நடந்த காதணி விழா மட்டும் அலமாரியில் இல்லை. அது நம் கைப்பேசியில் இருக்கிறது.

நமக்கு இதில் சிரமம் இல்லை. கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்வோம். ஆனால் அந்தக் காதணி விழாவில் பிள்ளையை மடியில் வைத்திருந்த பாட்டிக்கு? அவர் வீட்டில் இருப்பது பழைய டிவி. அதன் கீழே ஒரு டிவிடி பிளேயர். அதன் ரிமோட்டில் அவருக்குத் தெரிந்தவை மூன்று பொத்தான்கள்.

வானொலியில் வேலை செய்வதால், 'உங்களுக்குத்தான் இந்த மெஷின் வேலையெல்லாம் தெரியுமே' என்று உறவினர்கள் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மாவும் அப்படித்தான் கேட்டார். பேத்தியின் கல்யாண வீடியோ அவருக்கு இணைய இணைப்பாக வந்திருந்தது. நலங்கு, கோயிலில் முகூர்த்தம், மண்டபத்தில் இரவு விருந்து எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம், 38 ஜிபி. "அதெல்லாம் எனக்கு வேணாம்பா. தட்டுல போட்டுக் குடு. நானே போட்டுப் பாத்துக்குவேன்" என்றார். பக்கத்துக் கடையில் ஏற்கெனவே ஒரு டிவிடி எழுதி வாங்கியிருந்தார். பிளேயரில் போட்டால் 'டிஸ்க் எரர்' என்று வந்தது. கணினியில் போட்டால் நன்றாக ஓடியது.

பலர் வீட்டிலும் நடப்பது இதுதான். காரணம் எளிது.

நகல் எடுப்பது வேறு, டிவிடி செய்வது வேறு

கைப்பேசியும் இன்றைய கேமராவும் தரும் கோப்புகள் பெரும்பாலும் எம்பி4 வகை. அதை அப்படியே வெற்று டிவிடியில் எழுதினால், தம்ப் டிரைவில் போட்டு வைத்தது மாதிரிதான். கணினி படிக்கும். பழைய பிளேயருக்கு அது புரியாது. டிவிடி படத்துக்கு அது எதிர்பார்க்கும் மொழி எம்பெக்-2. படம் அந்த முறைக்கும், ஒலி டிவிடிக்கு ஏற்ற முறைக்கும் மாற வேண்டும். பிறகு 'வீடியோ டிஎஸ்' என்ற பெயருள்ள கோப்புறைக்குள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாத துண்டுகளாக அடுக்கப்பட வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டில் எழுதுவது.

விண்டோஸ் கணினியில் வெற்று டிஸ்க் போட்டதும், 'சிடி அல்லது டிவிடி பிளேயரில் ஓட்டுவதற்கு' என்ற பொருளில் ஒரு தேர்வு வரும். அதைச் சொடுக்கினால் வேலை முடிந்தது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அதுவும் கோப்புகளை நகல் எடுக்குமே தவிர, எம்பெக்-2க்கு மாற்றாது. விண்டோஸ் 7 வரை டிவிடி மேக்கர் என்ற மென்பொருள் கூடவே வந்தது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் அது இல்லை.

இப்போது இலவசமாகக் கிடைப்பவற்றில் டிவிடி ஸ்டைலர் போதுமானது. கோப்புகளை உள்ளே இழுத்துப் போட்டால் மாற்றுவது, அடுக்குவது, முகப்புப் படம் வைப்பது எல்லாவற்றையும் அதுவே செய்யும். மடிக்கணினியில் டிஸ்க் டிரைவ் இல்லாவிட்டால், யுஎஸ்பியில் பொருத்தும் வெளி டிரைவ் லோ யாட் பிளாசா போன்ற கணினிக் கடைகளில் கிடைக்கும். ஒன்றை வாங்கி, உறவினர் நாலு குடும்பம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

எவ்வளவு நேரம் கொள்ளும்?

வெற்று டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று இருக்கும். கணினி அதையே 4.37 என்று காட்டும். ஏமாற்று எதுவும் இல்லை, எண்ணும் முறைதான் வேறு. ஒரு மணி நேரம் எழுதினால் படம் மிகத் தெளிவாக இருக்கும். ஒன்றரை மணி நேரம் என்றால் விநாடிக்கு சுமார் 6.9 மெகாபிட் கிடைக்கும், நல்ல தரம். இரண்டு மணி நேரத்துக்கு 5.2, பரவாயில்லை. மூன்று மணி நேரத்தையும் ஒரே தட்டில் திணித்தால் 3.5க்கும் கீழே போய்விடும். அப்போது அட்சதை தூவும் காட்சியில் அரிசி தெரியாது, சதுரம் சதுரமாகப் புள்ளிகள்தான் தெரியும். கூட்டமும் அசைவும் நிறைந்த காட்சிகளுக்குத்தான் அதிக இடம் வேண்டும். நம் கல்யாணங்களில் அந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை.

அதனால் பெரியம்மாவுக்கு இரண்டு தட்டுகள் செய்தேன். நலங்கும் முகூர்த்தமும் ஒன்றில், விருந்து இன்னொன்றில். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

இங்கே ஒரு கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். முழு எச்டி படத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். டிவிடி படத்தில் 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம். ஐந்தில் ஒரு பங்கு. 4கே படம் என்றால் இருபதில் ஒரு பங்கு. பாட்டி வீட்டுப் பழைய டிவிக்கு அது தாராளம். ஆனால் தட்டில் ஏறியதும் மூலக் கோப்பை அழித்துவிட்டால், இருபதில் பத்தொன்பது பங்கை நீங்களே தூக்கி எறிந்ததாகிவிடும். தட்டு பார்ப்பதற்கு. கோப்பு வைத்துக்கொள்வதற்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

மலேசியாவில் பயன்பட்டு வந்தது பால் முறை. விநாடிக்கு 25 படம். மென்பொருளில் என்டிஎஸ்சி என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். என்டிஎஸ்சி தட்டை இங்குள்ள பெரும்பாலான பிளேயர்கள் ஓட்டிவிடும். ஆனால் பழைய டிவி அதைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டக்கூடும்.

அடுத்தது ஒலி. எனக்கு முதலில் காதுதான் வேலை செய்யும். கைப்பேசி வீடியோவில் படங்களின் வேகம் ஒரே சீராக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை அப்படியே டிவிடிக்கு மாற்றினால் சில சமயம் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். கடைசியில் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்த பிறகு கெட்டிமேளம் கேட்கும். இதைத் தவிர்க்க, முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, வேகத்தை 'மாறாத 25' என்று வைத்து ஒரு புதுக் கோப்பு எடுங்கள். அதை டிவிடி ஸ்டைலருக்குக் கொடுங்கள். டிவிடியின் ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். மென்பொருள் கேட்டால் அதையே தேர்ந்தெடுங்கள்.

நாதஸ்வரமும் தவிலும் உரக்க இருக்கும், பெரியவர் வாழ்த்திப் பேசுவது மெல்லிசாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஒலி வைத்தால் காது கேட்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அந்த வாழ்த்து போய்ச் சேராது. பேச்சு வரும் பகுதியை மட்டும் வெட்டும்போதே கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவுக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை இழுத்து நிரப்பாதீர்கள். ஆட்கள் குண்டாகத் தெரிவார்கள். பழைய டிவி படத்தின் ஓரங்களை விழுங்கிவிடும். ஆகவே பெயர், தேதி எழுதினால் அடி ஓரத்தில் வைக்காமல் சற்று உள்ளே தள்ளி வையுங்கள்.

தட்டு எழுதும்போது அவசரம் வேண்டாம். உறையில் 16 மடங்கு வேகம் என்று இருந்தாலும் 8 மடங்கில் எழுதுவது நல்லது. 'ஃபைனலைஸ்' செய்யாத தட்டு பல பிளேயர்களில் ஓடாது. வெற்றுத் தட்டில் டிவிடி-ஆர், டிவிடி+ஆர் என்று இரண்டு வகை உண்டு. பிளேயர் மிகப் பழையதென்றால் முதல் வகையை வாங்குங்கள். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், டிஸ்க்குக்கு என்றே உள்ள மார்க்கரால் எழுதுங்கள். கடைசியாக, உங்கள் கணினியில் ஓடிவிட்டது என்று திருப்திப்படாமல், யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவர் வீட்டுப் பிளேயரிலேயே போட்டுப் பாருங்கள்.

பிளேயரில் யுஎஸ்பி துளை இருந்தால் தட்டே வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். சரிதான். ஆனால் பல பழைய பிளேயர்கள் 'ஃபேட்32' முறையில் உள்ள தம்ப் டிரைவை மட்டுமே படிக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக வைக்க முடியாது. படத்தின் வகையும் ஒத்துவர வேண்டும். ஓடினால் வசதி, ஓடாவிட்டால் தட்டுதான் வழி.

எதிர்ப்பக்கமும் வேலை இருக்கிறது

புதியதைப் பழைய பிளேயருக்குக் கொண்டுபோவது ஒரு பாதி. பழையதைக் காப்பாற்றுவது மறு பாதி. இது இன்னும் அவசரம்.

உலகில் கடைசியாக விஎச்எஸ் பிளேயர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. சிறிய கேமராக்களில் போட்ட மினிடிவி கேசட்டையும், பதியக்கூடிய புளூ ரே தட்டையும் சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்தியது. கேசட் கையில் இருந்தும் ஓட்ட ஆளில்லாத நிலை வந்துகொண்டிருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் கேசட்டில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். சன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள் மாதிரி தெரியும். அப்படித் தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள். நாடாவும் போகும், பிளேயரும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது, கோப்பாகவும் வேண்டும், கேசட்டும் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விசிடி சுலபம். கணினியில் போட்டு, 'எம்பெக் ஏவி' என்ற கோப்புறையில் உள்ள பெரிய 'டேட்' கோப்பை நகல் எடுங்கள். விஎல்சியில் அப்படியே ஓடும். படம் 352க்கு 288 புள்ளிதான். அதற்கு மேல் எந்த மென்பொருளும் அதில் இல்லாததைக் கொண்டுவராது. இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அந்தக் கேசட்டுகளில் இருப்பது கல்யாணம் மட்டுமல்ல. இன்றைய பண்டார் உத்தாமா ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் தோட்டம். சுபாங் ஜெயா, யுஎஸ்ஜே பக்கம் சீஃபீல்ட் தோட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. தோட்டத்துக் கோயில் திருவிழா, லயத்து வாசலில் போட்ட பந்தல், பள்ளி விளையாட்டுப் போட்டி ஆகியவற்றை யாரோ ஒருவர் வாடகைக் கேமராவில் எடுத்திருப்பார். பந்தியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்குப் பின்னால் தெரியும் அந்த ரப்பர் மரமும் தகர வீடும் வேறு எங்கும் பதிவாகியிருக்காது. தாத்தாவின் முகத்துக்குப் புகைப்படம் இருக்கும். அவர் குரலுக்கு அந்த நாடா ஒன்றுதான்.

வைத்துக்கொள்ளும் முறை

மூலக் கோப்புகளுக்கு மூன்று நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில். மூன்றாவது வேறொரு வீட்டில், அல்லது இணையச் சேமிப்பில். பிரிக்ஃபீல்ட்ஸில் நீங்களும் கிள்ளானில் தம்பியும் இருந்தால் ஆளுக்கொரு ஹார்ட் டிஸ்க் மாற்றிக்கொண்டால் போதும். வெள்ளம் வந்தாலும் திருடன் வந்தாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வரமாட்டான். டிவிடியை நாலாவது நகல் என்று எண்ண வேண்டாம். அது வெயிலில் மங்கும், கீறும், பேரன் விளையாட எடுப்பான். போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம், மூலம் பத்திரமாக இருக்கும் வரை.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, ஊர், நிகழ்ச்சி மூன்றையும் சேருங்கள். 'வீடியோ 1' என்ற பெயர் பத்து வருடம் கழித்து யாருக்கும் எதையும் சொல்லாது.

வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை ஒதுக்குங்கள். பழைய வீடியோ ஒன்றை டிவியில் போட்டு, வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை முடுக்கிவிடுங்கள். பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் யார், சிவப்புச் சேலை கட்டிய அம்மா எந்தத் தோட்டம் என்று கேளுங்கள். படத்தை மாற்ற மென்பொருள் இருக்கிறது. அந்தப் பெயர்கள் மட்டும் பெரியவர்களிடம்தான் இருக்கின்றன. கேட்டு, எழுதி, அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.