முதல் விதை கீரையாக இருக்கட்டும்

வீட்டில் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தக்காளியில்தான் கை வைக்கிறார்கள். காய் பார்க்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதற்குள் பலருக்கு ஆர்வம் வடிந்துவிடும். கீரையில் தொடங்குங்கள். முளைக்கீரை 3, 4 நாளில் முளைத்து, 25 நாளுக்குள் சட்டிக்கு வந்துவிடும். பறித்த நேரத்திலிருந்தே கீரையில் வைட்டமின் சி குறைய ஆரம்பிக்கும். சந்தையில் வாடிக் கிடந்த கட்டைவிட, மாடியில் கிள்ளி உடனே அடுப்பேற்றும் கீரை உடம்புக்கு நல்லது. அதன் மேல் என்ன தெளித்தோம் என்பதும் நமக்குத் தெரியும்.

கீரைக்கு அரையடி ஆழமுள்ள அகலத் தொட்டி போதும். அடியில் ஓட்டை இருப்பது முக்கியம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, நனைத்து, ஒரு வாரம் வைத்திருங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் முதலில் இரண்டு, மூன்று தண்ணீரில் அலசிவிடுவது நல்லது.

கீரை விதை பொடிப்பொடியாக இருக்கும். அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவுங்கள். மேலே மெல்லிசாக மண் மூடினால் போதும். விதையின் பருமனைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆழம் போனால் சின்ன விதைக்கு மேலே வரத் தெம்பு இருக்காது. குடத்திலிருந்து ஊற்றாமல் பூவாளியால் தெளியுங்கள். எறும்பு விதையைத் தூக்கிப்போகும். தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி மாவு தூவினால் அதன் கவனம் அங்கே போய்விடும். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துப் பிடுங்குங்கள். பிடுங்கிய இளங்கன்றும் கூட்டுக்கு ஆகும். அரைக்கீரையை வேரோடு பறிக்காமல் அடியில் கொஞ்சம் விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி தழைக்கும்.

கீரை கைகூடிய பிறகு காய்க்குப் போகலாம். வெண்டை, அவரை, கொத்தவரை, முள்ளங்கி இவற்றை நேரடியாகத் தொட்டியிலேயே ஊன்ற வேண்டும். பிடுங்கி நட்டால் முள்ளங்கிக்குக் கிழங்கு கோணும், மற்றவையும் சுணங்கிவிடும். வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, குழிக்கு இரண்டாக ஊன்றி, திடமானதை மட்டும் விடுங்கள். 45 நாளில் காய் வரும். முற்றவிடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் நாற்று விட வேண்டும். குழித்தட்டு இல்லையென்றால் ஓட்டை போட்ட காகிதக் கோப்பை போதும். மிளகாய் முளைக்கப் பத்து நாள்கூட ஆகும், பொறுங்கள். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்; நிழலிலேயே இருந்தால் தண்டு வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். தண்ணீர் அதிகமானால் அடித்தண்டு அழுகி நாற்று சாயும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் தெளியுங்கள். 25, 30 நாளானதும் மாலை வெயில் தாழ்ந்த பிறகு எடுத்து நடுங்கள். ஆடிப் பட்டம் இதற்கெல்லாம் நல்ல காலம். சித்திரை வெயிலில் ஆரம்பிப்பதானால் நிழல்வலை கட்டாயம்.

பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பழைய விதை என்ற சந்தேகம் வந்தால் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஐந்துகூட முளைக்காவிட்டால் வேறு வாங்குவது மேல். விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி பூசியது. தொட்ட கையைக் கழுவுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

முடிந்தவரை நாட்டு விதை வாங்குங்கள். வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து அடுத்த முறை போட்டால் அதே செடி வராது. நாட்டுத் தக்காளி, அவரை இரண்டிலும் விதை சேர்ப்பது சுலபம். நன்றாகக் காய்த்த செடியில் ஒன்றிரண்டைப் பழுக்கவோ நெற்றாகவோ விட்டு, விதையை எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடி போட்ட பாட்டிலில் வையுங்கள். பூசணி, சுரை போன்றவற்றில் வண்டும் தேனீயும் பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும் என்பதால், அவற்றுக்கு மட்டும் புது விதை வாங்கிக்கொள்ளலாம்.