தீவுகளின் பிறப்பு

"தீவு என்றால் என்ன?" என்று கேட்டால், "நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலம்" என மாணவர் தயங்காது விடையிறுப்பர். விடை பிழையன்று, ஆயினும் நிறைவானதன்று. நீருக்குமேல் ஒன்றுபோல் காணப்படும் தீவுகள், நீருக்கடியில் வெவ்வேறு வரலாறு உடையவை. பிறப்பை அறிந்தாலன்றி, ஒரு தீவு நிலைக்குமா, அழியுமா என்பது விளங்காது.

பிறப்பு முறையால் தீவுகளை நால்வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது கண்டத் தீவு. இது பெருநிலத்தின் பகுதியாய் இருந்து, பின்னர்க் கடலால் பிரிக்கப்பட்டது. பினாங்கு, சிங்கப்பூர், போர்னியோ ஆகியவை இவ்வகையின. எரிமலைகள் மிகுந்ததாயினும் சுமத்திராவும் இவ்வகையிற் சேரும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீர் பெருமளவு பனிக்கட்டியாய் நிலத்தின்மேல் உறைந்து கிடந்தது. அதனால் கடல் மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற மலாக்கா நீரிணை அன்று தரையாயிருந்தது. யானையும் புலியும் சுமத்திராவில் காணப்படுவது இதனாலேயே. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது தாழ்நிலம் மூழ்கிற்று, மேட்டுநிலம் தீவாயிற்று.

இரண்டாவது வண்டல் தீவு. ஆறு சுமந்துவரும் சேறும் மணலும், நீரின் வேகம் குறையும் முகத்துவாரத்தில் படியும். அச்சேற்றில் கண்டல் மரங்கள் வேரூன்றி அதனைப் பற்றிக்கொள்ளும். கிள்ளான் ஆற்று முகத்துவாரத்திலுள்ள கேத்தாம் தீவு இதற்குச் சான்று. ஆற்றின் நடுவே அமைந்த தீவைத் தமிழர் "ஆற்றிடைக்குறை" என்றனர். காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கம் அத்தகையது.

மூன்றாவது எரிமலைத் தீவு. கடலடியில் வெளிப்படும் பாறைக்குழம்பும் சாம்பலும் குவிந்து நீர்மட்டத்தைக் கடந்தால் தீவு பிறக்கும். 1883-ல் வெடித்துச் சிதறிய கிராக்கடோவாவின் இடத்தில், 1927-ல் "அனாக் கிராக்கடாவ்" தலைகாட்டிற்று. கிராக்கடோவாவின் பிள்ளை என்பது அப்பெயரின் பொருள். 2018 டிசம்பரில் அதன் ஒரு பக்கம் கடலில் சரிந்து விழ, எழுந்த பேரலை நானூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது.

நான்காவதான பவளத் தீவே அறிஞரை நெடுநாள் மயக்கியது. பாறை கட்டும் பவளப் பூச்சிகள், கதிரவன் ஒளி புகும் ஆழமற்ற நீரில்தான் வாழும். அங்ஙனமாயின், ஆழ்கடலின் நடுவே வளையம்போல் பவளத் தீவுகள் எழுந்தது எவ்வாறு? சார்லஸ் டார்வின் 1842-ல் இதற்கு விளக்கம் தந்தார். முதலில் எரிமலைத் தீவு ஒன்று எழும். அதன் கரையைச் சுற்றிப் பவளப் பாறை வளரும். எரிமலை மெல்ல மெல்ல அமிழ, பவளம் ஒளியை நாடி மேல்நோக்கி வளரும். முடிவில் மலை மறைந்து வளையம் மட்டும் எஞ்சும். 1952-ல் பசிபிக் கடலின் எனிவெட்டோக் தீவில் துளையிட்டனர். 1,200 மீட்டருக்கு மேற்பட்ட பவளச் சுண்ணப்பாறைக்கு அடியில் எரிமலைப் பாறை கிடைத்தது. டார்வின் கூற்று மெய்யாயிற்று.

மாலத்தீவின் நிலம், இத்தகைய பவள வளையங்களின்மேல் அலைகள் குவித்த மணலே. கடல் மட்டத்திற்குமேல் அதன் சராசரி உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். இன்று கடல் உயர்ந்து வருகிறது. வெப்பம் மிகுந்த நீரில் பவளம் வெளுத்து மடிகிறது. பவளம் பிழைத்தால்தான் அத்தீவு பிழைக்கும். பினாங்கின் கருங்கல் மலைக்கு அந்த அச்சமில்லை.

ஆகவே, வகுப்பில் "தீவு என்றால் என்ன?" என்பதோடு நில்லாது, "இத்தீவு எவ்வாறு பிறந்தது?" என்றும் கேட்டல் நன்று.