மோட்டர் எரியாதிருக்க: சூரிய ஒளிப் பம்பியும் மின்னோட்ட எல்லையும்

2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக ஏறியபோது, மண்ணெண்ணெய் மிசினை நம்பி மரக்கறி வைத்தவர்களின் கணக்கெல்லாம் குழம்பிப்போனது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் புறங்களில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் ஓடை பள்ளத்தில் ஓடுகிறது, பாத்தி மேட்டில் கிடக்கிறது. 2016 மே மாத மண்சரிவுகளில் அரநாயக்க, புளத்கொஹுபிட்டிய பகுதிகளில் வீடிழந்தவர்களானாலும், 1977, 1981 வன்செயல்களுக்குப் பின் இங்கிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர்களானாலும், புதிய நிலத்தில் முதலில் தேடுவது தண்ணீரைத்தான்.

சூரியத் தகடுகள் தருவது நேரோட்ட மின்சாரம். அதை ஆடலோட்டமாக்கி மோட்டருக்குக் கொடுப்பது இன்வேர்ட்டர். மோட்டர் இத்தனை அம்பியருக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிடு என்று அதற்கு நாம் சொல்லி வைப்பதே மின்னோட்ட எல்லை. பம்பி அடிக்கடி நின்றால், "எல்லையைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்" என்று சொல்ல ஊரில் ஆள் கிடைக்கும். கேட்காதீர்கள். மின்னோட்டம் 20 வீதம் கூடினால் கம்பிச் சுருளில் வெப்பம் 44 வீதம் கூடும். சுருள் எரிந்தால் திரும்பச் சுற்றும் செலவு ஒரு போக மிளகாய்க் காசைத் தின்றுவிடும்.

முதலில் மோட்டரின் பெயர்த் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். 1 குதிரைவலு மும்முனை மோட்டர் ஒன்றில் 230/400 வோல்ட், 3.4/1.95 அம்பியர் என்றிருக்கலாம். டெல்ட்டா இணைப்பில் 230 வோல்ட் கொடுத்தால் 3.4, ஸ்டார் இணைப்பில் 400 வோல்ட் கொடுத்தால் 1.95. ஸ்டாரில் ஓடும் மோட்டருக்கு 3.4 என்று எல்லை வைத்தால் காவல் இல்லாத தோட்டந்தான். டெல்ட்டாவில் ஓடுவதற்கு 1.95 வைத்தால் வெயில் ஏறியதும் நின்றுவிடும். இணைப்பைப் பார்த்து, அதற்குரிய எண்ணையே வையுங்கள்.

எண் சரியாக இருந்தும் நிற்கிறதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 40 மீற்றர் மேட்டுக்கு ஏற்றச் செய்த சுழல் பம்பியை 10 மீற்றர் ஏற்றத்துக்கு வைத்தால் அதற்கு வேலை குறையும் என்றே தோன்றும். உண்மை மறுபக்கம்: தண்ணீர் அளவுக்கு மிஞ்சிப் பாய்வதால் மோட்டர் கூடுதலாக இழுக்கும். மலைச் சரிவில் பாவித்த பம்பியை வன்னியின் சமதரைக்குக் கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளியேற்றும் வால்வை மெல்லச் சாத்திப் பாருங்கள், அம்பியர் இறங்கும். அதற்கும் இறங்காவிட்டால் உள்ளே சேறோ மணலோ சிக்கியிருக்கும், பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது மூன்று கம்பிகளில் ஒன்று விட்டிருக்கும்.

கிணறு வற்றினால் நிலைமை வேறு. அப்போது அம்பியர் குறையும். ஆகவே குறைந்த எல்லை ஒன்றும் வேண்டும். ஆனால் மேகம் மூடினாலும் இன்வேர்ட்டர் வேகத்தைக் குறைக்கும். வேகம் பாதியானால் பம்பிக்குத் தேவைப்படும் வலு ஏறக்குறைய எட்டில் ஒன்றுதான். குறைந்த எல்லையை இறுக்கமாக வைத்தால் ஒவ்வொரு மேகத்துக்கும் பம்பி நிற்கும்.

பெட்டியைத் திறக்குமுன் இன்வேர்ட்டரை நிறுத்தி, பிறகு தகட்டுப் பக்கத்து ஆளியைத் திறந்து, பத்து நிமிடமாவது பொறுங்கள். வெயில் இருக்கும்வரை தகடுகளிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், பல அமைப்புகளில் அது 300 வோல்ட்டுக்கும் மேல். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நிற்கும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.