பெயர் மாறினாலும் இலக்கம் மாறாது

இங்கே அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களம் தந்த 'ஏ' இலக்கம் மறக்காது. ஒரு பத்திரத்தில் அப்பாவின் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், வேலைத்தலத்தில் பாதியாக வெட்டியும் இருக்கும். பெயர் எப்படிச் சிதைந்தாலும் அந்த இலக்கத்தால் கோப்பு ஒன்றாகவே இருக்கும். எழுத்தாளர்களுக்கும் நூல்களுக்கும் நூலகங்கள் இப்போது இணையத்தில் இதைத்தான் செய்கின்றன.

அளவெட்டிக் கவிஞர் து. உருத்திரமூர்த்தி (1927–1971) 'மஹாகவி' என்ற புனைபெயரில் எழுதியவர். ஈழத்து இலக்கியம் அறியாத ஒருவருக்கு மகாகவி என்றால் பாரதியார்தான். பேராசிரியர் கா. சிவத்தம்பியின் சிக்கல் வேறு. அவருடைய ஆங்கில நூல்களின் அட்டையில் பெயர் 'எஸ்' எழுத்தில் தொடங்கும். தமிழ் நூல்களுக்கு அமெரிக்க நூலகங்கள் கையாளும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் 'சி' எழுத்தில் தொடங்கும். பிளானோவில் வளரும் பிள்ளை எந்த எழுத்தில் தேடும்?

உலக நூலகங்களின் பெயர்ப் பட்டியல்களை இணைக்கும் 'வியாஃப்', ஒரே ஆளின் வெவ்வேறு பெயர் வடிவங்களை ஓர் இலக்கத்தின் கீழ் சேர்க்கிறது. 2012இல் தொடங்கிய விக்கித்தரவு ஒவ்வொருவருக்கும் 'கியூ' எழுத்தோடு ஓர் இலக்கம் கொடுத்து, பிறப்பு, இறப்பு, புனைபெயர், மற்ற நூலக இலக்கங்கள் எல்லாவற்றையும் அதனுடன் கட்டுகிறது. அந்த இலக்கமே ஓர் இணைய முகவரியும் ஆகும். ஒருவருக்கு இரண்டு பதிவு விழுந்துவிட்டால் பிறகு ஒன்றாக்கலாம். கணக்காளருக்கு இது பழகிய வேலை.

அருங்காட்சியகங்களும் அப்படியே. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் தாரா சிலை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 1830,0612.4 என்ற இலக்கத்தில் உள்ளது. 1830 ஜூன் 12இல் பதிவான நான்காவது பொருள் என்று பொருள். எங்கள் கடற்கரையிலிருந்து போனதற்கு அதுவே பற்றுச்சீட்டு.

விக்கித்தரவின் தரவு திறந்த தரவு. அனுமதி கேட்காமல் எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம். 1981இல் மூட்டிய தீயில் யாழ். நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே கட்டடத்தில் ஒரே படியாக இருந்தவை திரும்பவில்லை. திறந்த பட்டியல் நூலைத் திருப்பித் தராது. ஆனால் எதைத் தேடவேண்டும் என்பதையாவது சொல்லும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து ஆவணங்களை மின்பிரதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் 'நூலக எண்' கொடுத்து இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது.

உங்கள் அலுமாரியில் கிடக்கும் பாடசாலை மலரையோ, கும்பாபிஷேக மலரையோ, கல்வெட்டுப் புத்தகத்தையோ அங்கே தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் மின்பிரதி செய்யக் கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: புனைபெயருக்குப் பின்னால் இருப்பவரின் முழுப்பெயர், ஊர், பிறந்த ஆண்டு, அச்சகம். தலைப்பெழுத்து மட்டும் போட்ட கட்டுரையை எழுதியவர் யாரென்று வீட்டில் எண்பது வயதுக்காரர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். இந்த வார இறுதியிலேயே கேளுங்கள்.