வெலிங்டனில் ஒரு பகல்

தன்னாமுனையில் வாவியை அண்டிய வெளிகளில் மாலைதோறும் சிறுவர்கள் மென்பந்துக் கிரிக்கெட் ஆடுவார்கள். அவ்வாட்டத்தில் எழும் சச்சரவுகளைக் கவனித்தோர் ஒன்றை அறிவர். பந்து விக்கெட்டைச் சாய்த்தால், ஆட்டமிழந்தவன் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறுவான். பிடி எடுக்கப்பட்டாலும் அவ்வாறே. ஆனால், ஓட்டம் எடுக்க ஓடி நடுவழியில் ஆட்டமிழந்தவன் எளிதில் வெளியேறமாட்டான். வாவென்று அழைத்துவிட்டு ஏன் நின்றாய் என்று இணையாளனோடு வழக்குக்கு நிற்பான். ஏனைய ஆட்டமிழப்புகளில் எதிரி ஒருவன் உண்டு. இதிலோ குற்றவாளி தன் பக்கத்திலேயே நிற்கின்றான்.

இலங்கையின் மூத்த துடுப்பாட்ட வீரர் ஒருவர் மீது 2018ஆம் ஆண்டில் சுமத்தப்பட்ட குற்றமும் இவ்வகையினதே. அவர் அஞ்சலோ மெத்தியூஸ். 2008இல் ஒருநாள் ஆட்டங்களிலும், 2009இல் காலியில் பாகிஸ்தானுக்கு எதிராக டெஸ்ட் ஆட்டத்திலும் அறிமுகமானவர். இருபத்தைந்தாவது வயதிலேயே டெஸ்ட் அணித்தலைவரானவர். 2014இல் ஹெடிங்லியில் அவர் பெற்ற 160 ஓட்டங்கள் இங்கிலாந்து மண்ணில் தொடர் வெற்றியைத் தேடித் தந்தன. 2017இல் சிம்பாப்வேயிடம் ஒருநாள் தொடரை இழந்தபின் தலைமையைத் துறந்தார். 2018 ஜனவரியில் ஒருநாள் அணியின் தலைமை மீண்டும் அவரிடம் வந்தது. ஒன்பது மாதங்கள்கூட அது நிலைக்கவில்லை.

அவ்வாண்டு செப்டெம்பரில் ஆசியக் கிண்ணப் போட்டியில் இலங்கை பங்களாதேஷிடம் 137 ஓட்டங்களாலும் ஆப்கானிஸ்தானிடம் 91 ஓட்டங்களாலும் தோற்று, முதற்சுற்றிலேயே வெளியேறியது. மெத்தியூஸ் தலைமையினின்று நீக்கப்பட்டார். சில நாட்களில் ஒருநாள் அணியினின்றும் நீக்கப்பட்டார். உடற்றகுதி போதாது என்பதும், விக்கெட்டுகளுக்கிடையே ஓடுவதில் குறையுண்டு என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். அவரோடு ஆடுவோர் ஓடி ஆட்டமிழப்பது மிகுதி என்பதையே பயிற்றுநர் சந்திக்க ஹத்துருசிங்க வெளிப்படையாகச் சுட்டினார். தாம் பலிக்கடா ஆக்கப்பட்டதாக மெத்தியூஸ் கிரிக்கெட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்.

டெஸ்ட் அணியில் மட்டும் அவருக்கு இடமிருந்தது. டிசெம்பரில் அவ்வணி நியூசிலாந்துக்குச் சென்றது. வெலிங்டனில் பேசின் ரிசேர்வ் மைதானம். இலங்கை மூன்று விக்கெட்டுகளை இழந்து 9 ஓட்டங்கள் மட்டும் பெற்றிருந்த வேளையில் மெத்தியூஸ் களத்தில் நின்று 83 ஓட்டங்கள் சேர்த்தார். இலங்கையின் மொத்தம் 282. நியூசிலாந்து 578 குவித்தது. டொம் லதம் ஒருவரே ஆட்டமிழக்காது 264. இரண்டாம் இனிங்ஸிலும் அதே கதை: 13 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள் வீழ்ந்தன. இருபத்துமூன்று வயதுக் குசல் மெண்டிஸும் மெத்தியூஸும் ஆட்டமிழக்காது நிற்க, மூன்றாம் நாள் 20 ஓட்டங்களோடு முடிந்தது. இரண்டு நாட்கள் மீதமிருந்தன. தோல்வி எப்போது என்பதைத் தவிர எவரும் வேறெதையும் வினவவில்லை.

இத்தகைய வேளையில் துடுப்பாட்ட வீரன் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். பந்து வீசப்படும் எல்லைக்கோட்டுக்கும் துடுப்பாட்டக்காரன் நிற்கும் கோட்டுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 17.7 மீற்றர். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து இத்தூரத்தைக் கடக்க அரை வினாடி அளவே எடுக்கும். அதற்குள் பந்தை அடிப்பதா, தடுப்பதா, விட்டுவிடுவதா எனத் தீர்மானித்தல் வேண்டும். ஓட்டக் குவிப்பில் இருப்பவனுக்கு இத்தீர்மானம் எண்ணாமலே வந்துவிடும். மனம் கலங்கியவனோ அடிக்கவும் எண்ணி, தடுக்கவும் எண்ணி, இரண்டுக்கும் நடுவில் துடுப்பை நீட்டி விளிம்பிற் பிடி கொடுப்பான். ஆதலால் நிலைகுலைந்தவன் மீளும்போது முதலில் மீட்க வேண்டியது அடியை அன்று, விட்டுவிடும் துணிவை. வாவியில் வீச்சுவலையோடு நிற்பவர் இதை நன்கறிவர். கண்ணிற் பட்ட சலனத்துக்கெல்லாம் வலை வீசுபவனுக்கு மீன் அகப்படுவதில்லை.

நான்காம் நாள், இலங்கையில் பொழுது புலருமுன்பே அங்கு ஆட்டம் தொடங்கிற்று. சௌதியும் போல்டும் புதுப்பந்தைப் புரட்டிப் பார்த்தனர். நீல் வாக்னர் தம் வழக்கப்படி மார்புக்கும் தலைக்கும் பந்தைக் குத்தியெழுப்பினார். அவ்வகைப் பந்தை ஏமாந்து தூக்கி அடித்து வீழ்ந்தவர் பலர். இருவரும் குனிந்தனர், விலகினர், உடம்பிலும் வாங்கினர். உணவு வேளை கழிந்தது, தேநீர் வேளையும் கழிந்தது. இருவரும் சதமடித்தனர். ஆட்டம் முடிந்தபோது இலங்கை அதே மூன்று விக்கெட் இழப்புக்கு 259. மெண்டிஸ் 116, மெத்தியூஸ் 117. ஒரு நாள் முழுவதும் விக்கெட் வீழாமை டெஸ்ட் ஆட்டத்தில் 2008இன் பின் அதுவே முதன்முறை. ஐந்தாம் நாளை மழை எடுத்துக்கொண்டது. 13 ஓவர்களே வீசப்பட்டன. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மெத்தியூஸ் 323 பந்துகளைச் சந்தித்து 120, மெண்டிஸ் 141, இருவரும் சேர்த்தவை 274.

சதம் பெற்றவுடன் மெத்தியூஸ் களத்திலேயே படுத்துப் பத்துத் தண்டால் எடுத்து, எழுந்து, வீரர் கூடத்தை நோக்கித் தம் புயத்தை மடக்கிக் காட்டினார். 2016இல் லோர்ட்ஸில் பாகிஸ்தானின் மிஸ்பா உல் ஹக் தண்டால் எடுத்தது மகிழ்ச்சிக்கு, இது மறுமொழிக்கு. பத்திரிகைகள் அப்படத்தையே பெரிதாக வெளியிட்டன. ஆயினும், தண்டால் எடுக்க வல்லவன் விக்கெட்டுகளுக்கிடையே நன்றாக ஓடுவான் என்பதற்கு உறுதியில்லை. ஒருநாள் ஆட்டத்தில் எழுந்த குறைக்கு டெஸ்ட் ஆட்டத்துச் சதம் நேர்விடையும் ஆகாது. தேர்வாளர் கூறியது முற்றும் பொய்யென்று கொள்ளவும் இடமில்லை. மெய்யான மறுமொழி மறுமுனையில் நின்றது. தம்மோடு ஆடுவோர் ஓடி ஆட்டமிழக்கின்றனர் என்று பழிக்கப்பட்டவர், தம்மினும் எட்டு வயது இளைய ஒருவரோடு ஒரு பகல் முழுதும் ஓடியும் அவரை ஆட்டமிழக்க விடவில்லை. இதனைப் படம் பிடித்தல் அரிது.

அத்தொடரின் அடுத்த ஆட்டத்திலேயே, கிறைஸ்ட்சேர்ச்சில், தொடைத் தசை கிழிந்து 22 ஓட்டங்களோடு அவர் வெளியேறினார். பின்னரும் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறியே வந்தன. 2020 ஜனவரியில் ஹராரேயில் ஆட்டமிழக்காது 200. 2022 மே மாதம் சட்டோகிராமில் 199இல் ஆட்டமிழப்பு. 2009இல் மும்பாயில் 99 ஓட்டங்களில் ஓடி ஆட்டமிழந்தவரும் அவரே. 99இலும் 199இலும் டெஸ்டில் ஆட்டமிழந்த முதல் வீரர் என்ற விநோதப் பெயர் அவருக்குச் சேர்ந்தது. 2023 நவம்பர் 6ஆம் திகதி டில்லியில், உலகக் கிண்ண ஆட்டத்தில், தலைக்கவசத்தின் வார் அறுந்து தாமதித்தமையால், இரண்டு நிமிடத்துக்குள் பந்தைச் சந்திக்க ஆயத்தமாகவில்லை எனப் பந்தொன்றையும் சந்திக்காமலே ஆட்டமிழந்தார். சர்வதேச ஆட்டத்தில் அவ்விதியால் வெளியேறிய முதல்வரும் அவரே. எதிரணி பங்களாதேஷ், அன்று அவ்வணியின் பயிற்றுநர் ஹத்துருசிங்க.

இரண்டு மாதங்களின் பின், 2024 ஜனவரியில், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இடமளிக்கப்படாதிருந்த இருபது ஓவர் அணிக்கு அவர் திரும்ப அழைக்கப்பட்டார். சிம்பாப்வேக்கு எதிரான முதற்போட்டியிலேயே ஆட்டநாயகன் விருதைப் பெற்றார். டெஸ்ட் ஆட்டத்தினின்று அவர் விடைபெற்றது 2025 ஜூனில், பங்களாதேஷுக்கு எதிராக, பதினாறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அதே காலி மைதானத்தில்.