பதக்கத்தின் உலோகம்: போர்க்கால நினைவுப் பொருள்கள் பற்றிய ஒரு சமூகவியற் குறிப்பு

போரிலே பணியாற்றிய முன்னோர் விட்டுச்சென்ற பொருள்களைக் குடும்பத்தின் அந்தரங்கச் சொத்தாகவே கருதப் பழகியுள்ளோம். அவை உணர்ச்சிக்குரியன, ஆதலால் ஆய்வுக்கு அப்பாற்பட்டன என்ற எண்ணமும் நிலவுகின்றது. இது பொருந்தாது. அப்பொருள்களிற் பலவற்றை ஆக்கியதும் பங்கிட்டதும் அரசே. 1914-18 உலகப் போரின் பின் பிரித்தானிய அரசு வழங்கியவற்றை நோக்குமிடத்து இது தெளிவாகும்.

போரில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வெண்கலத் தகடு அனுப்பப்பட்டது. பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் வழங்கப்பட்டன. இறந்தவரின் பெயர் மட்டுமே அதிற் பொறிக்கப்பட்டது. தியாகத்திற் பேதமில்லை என்று காட்டுவதற்காகப் பதவிநிலை திட்டமிட்டே விலக்கப்பட்டது. மக்களோ அதனைச் 'செத்தவன் காசு' என்றனர். பென்னி நாணயத்தை அது ஒத்திருந்தமையே காரணம் என்பர். எனினும் அரசின் விளக்கத்தைவிட அப்பெயரே உண்மைக்கு அண்மையிலுள்ளது என்பது என் கருத்து.

இச்சமத்துவம் இறந்தோர்க்கு உரியது. பிரித்தானியப் போர்ப் பதக்கத்தின் விளிம்பிலே பெயரோடு பதவிநிலையும் பொறிக்கப்பட்டது. அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனை வெள்ளியிற் பெற்றனர். சுமை தூக்கவும் பாதை அமைக்கவும் கொண்டுவரப்பட்ட சீன, இந்திய, மோல்ற்றாத் தொழிற்படையினருக்கோ அதே பதக்கம் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. அவ்வாறு வழங்கப்பட்டவை ஏறத்தாழ 110,000 ஆகும்.

தென்னாபிரிக்கக் கறுப்பினத் தொழிற்படையினரின் நிலை இதனினும் இழிவானது. 1917 பெப்ரவரி 21இல் 'மெண்டி' என்னும் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியபோது அவர்களில் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். மாண்டவர்க்கோ மீண்டவர்க்கோ அந்த வெண்கலத்தையேனும் வழங்கத் தென்னாபிரிக்க அரசு மறுத்துவிட்டது. அதே படையிற் பணிபுரிந்த பசூட்டோலாந்து மக்களுக்கு அது கிடைத்தது. எனவே ஒரு வீட்டிற் பதக்கம் இல்லாமையும் வரலாற்று ஆவணமே. நூதனசாலைகள் இருப்பதைக் காட்சிக்கு வைக்கின்றன; இல்லாததை எப்பேழையில் வைப்பது?

வெள்ளி பெற்றவர்களின் வீடுகளிலும் அது நிலைக்கவில்லை. பதக்கத்தில் இருந்தது ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் வெள்ளி. வறுமை வந்தபோது அது அடகுக் கடைக்குப் போயிற்று. 1980 ஜனவரியில் வெள்ளியின் விலை அவுன்ஸ் ஒன்றுக்கு 50 டொலரை அண்மித்தபோது ஏராளமான பதக்கங்கள் உருக்கப்பட்டன. அதனுடன் வழங்கப்பட்ட வெண்கல வெற்றிப் பதக்கம் உலோகப் பெறுமதி இன்மையால் தப்பிற்று. அதுமட்டும் தனித்துக் கிடக்கும் குடும்பங்களைப் பாசமற்றவை என இகழ்தல் இலகு. விற்கவேண்டிய தேவை எவ்வகை வீடுகளில் எழுந்தது என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

இன்னொன்றையும் குறிப்பிடவேண்டும். 1940 செப்ரெம்பரில் இலண்டன்மீது நிகழ்ந்த குண்டுவீச்சிலே, இப்போரிற் பணியாற்றிய சாதாரண சிப்பாய்களின் சேவைப் பதிவேடுகளிற் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. அவ்வாறு பதிவேடு அழிந்த ஒருவனின் பதக்கமும் உருக்கப்பட்டிருப்பின், அரச ஆவணங்களில் அவனுக்கென எஞ்சுவது பெரும்பாலும் பதக்கம் பெற்றோர் அட்டவணையில் ஒரு வரியே.